மருந்துலகிற்கு வழிகண்ட மில்ஸ்டீன்

நம் சமுதாய இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய விஞ்ஞானியருள் சீசர் மில்ஸ்டீன் ஒருவர். அர்ஜென்டினா நாட்டின் பாகியா பிளாங்கா நகரில் 1927-ஆம் ஆண்டு பிறந்தார். பிறப்பின் பேரால் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்ட யூத மக்களைச் சேர்ந்தவர் அவர் தந்தை. கடல் கடந்து குடியேறி, பதினைந்தாம் வயதிலேயே தம் கையை நம்பி வாழ நேர்ந்தவர். தாயார் ஏழைக் குடியிற் பிறந்த ஆசிரியை. மூன்று மைந்தரையும் பல்கலைக்கழகம் அனுப்ப அவ்விருவரும் எத்துன்பத்தையும் ஏற்றனர்.

மில்ஸ்டீன் படிப்பில் முதல்வரல்லர். மாணவர் சங்கப் பணிகளில் முன்நின்றவர். மதிப்பெண் பட்டியலைக் கொண்டே பிள்ளைகளை அளப்போர் இதனை நினைவிற்கொள்வது நன்று. உதவித்தொகையின்றி, பரிசோதனைக் கூடத்தில் பகுதிநேரம் உழைத்தவாறே டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மற்றுமொரு டாக்டர் பட்டமும் பெற்று, 1961-இல் தாயகம் திரும்பினார்.

அங்கு நிலைக்க விடவில்லை. 1962-இல் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. முற்போக்கு அறிஞர்கள் ஒடுக்கப்பட்டனர்; அவர் பணிபுரிந்த ஆய்வு நிலையத்தின் இயக்குநரும் பழிவாங்கப்பட்டார். மில்ஸ்டீன் பதவி துறந்து மீண்டும் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். அறிஞர் சாங்கரின் யோசனைப்படி எதிர்ப்பொருள்களை ஆராயலானார்.

எதிர்ப்பொருள் என்பது யாது? அயற்பொருள் உடலுட் புகுந்தால் அதனைப் பற்றிக்கொள்ள வெள்ளணுக்களுட் சில உண்டாக்கும் புரதமே அது. ஓரணு ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் செய்யும். ஆனால் குருதியிற் கிடைப்பதோ பல அணுக்கள் செய்த கலவை. ஓரணுவை மட்டும் பிரித்து வளர்க்கலாமெனின், உடலுக்கு வெளியே அது சில நாட்களில் மடியும். புற்றணுவோ மடியாது பெருகும். 1974-இல் வந்து சேர்ந்த இளைஞர் ஜார்ஜ் கோலருடன் இவ்விரண்டையும் மில்ஸ்டீன் இணைத்தார். எலியின் மண்ணீரலில் எடுத்த வெள்ளணுவும் எலியின் புற்றணுவும் கூடிய கலப்பணு, ஒன்றன் திறனையும் மற்றதன் சாகாத் தன்மையையும் பெற்றது. ஒரே வகை எதிர்ப்பொருள் வேண்டுமளவு கிடைத்தது. புற்றின் கேடே புற்றை வெல்லும் கருவிக்கு உயிர் தந்த விந்தை இது! 1975 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழ் இதனை வெளியிட்டது.

உரிய அரசு நிறுவனத்திற்குத் தெரிவித்தும் காப்புரிமை பெறப்படவில்லை. மில்ஸ்டீன் தம் அணுக்களைப் பிற ஆய்வாளர்க்கு வழங்கினார். பெற்றவருட் சிலர் அவற்றைக் கொண்டு தாம் செய்தவற்றிற்குக் காப்புரிமை தேடிக்கொண்டனர். முறைதானா என்பதை வாசகர்க்கே விடுகிறோம். 1984-இல் மில்ஸ்டீன், கோலர், நீல்ஸ் ஜெர்னே மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

எலியின் எதிர்ப்பொருளை மனித உடல் அயற்பொருளெனக் கொண்டு எதிர்த்தது. அதே ஆய்வகத்தின் கிரெகரி வின்டர், எலிப்புரதத்தின் பற்றும் பகுதியை மட்டும் மனிதப் புரதத்திற் பொருத்தும் முறையை 1986-இல் வெளியிட்டார். மனிதப் பகுதியும் எலிப் பகுதியும் சேர்ந்த ரிட்டுக்சிமாப், நிணநீர்ப் புற்றுக்கு 1997-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மார்பகப் புற்றுள் ஒருவகையில் அணுவின் மேற்பரப்பில் மிகுந்து தோன்றும் புரதத்தைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் 1998-இல் வந்தது. 2002-இல் மறைந்த மில்ஸ்டீன் இவற்றைக் கண்டார். கோலரோ 1995-இலேயே, தம் 48-ஆம் வயதில் மறைந்துவிட்டார்.