நிலவறையில் பிறந்த டியூஷன்

ஜிமேட்டுக்குப் பணம் கட்டி வகுப்புக்குப் போகும் பழக்கத்தின் வேர், நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு வீட்டு நிலவறையில் இருக்கு. 1938இல் அங்கே டியூஷன் ஆரம்பித்தவர் ஸ்டான்லி கேப்லன். நன்றாகப் படித்தும் மருத்துவக் கல்லூரிகள் அவரைச் சேர்க்கவில்லை. யூதர், அரசுக் கல்லூரியில் படித்தவர் என்பதே காரணம் என நம்பினார். பொதுத் தேர்வு இருந்திருந்தால் திறமையை நிரூபித்திருப்பேன் என்பது அவர் எண்ணம்.

1954இல் வணிகப் பள்ளிகளுக்கும் அப்படியொரு தேர்வு வந்தது. அதுதான் பிறகு ஜிமேட் ஆனது. அதன் அண்ணனான எஸ்ஏடிக்கு டியூஷன் உதவாது என்றே அதை நடத்தியவர்கள் சாதித்தார்கள். 1979இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் ஆய்வு, கேப்லன் வகுப்பால் மதிப்பெண் ஓரளவு கூடுவதைக் காட்டியது.

கேப்லன் ஜெயித்தார். ஆனா, கட்டணம் கட்ட முடியாதவன்? குலத்தையும் கல்லூரியையும் பார்க்காத தேர்வு, பர்ஸைப் பார்ப்பதும் அன்றே உறுதியாகிவிட்டது. டியூஷனிலேயே வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன?