வலக்கை வெளியே: நீலகிரி ஆறுகளில் இறங்கியவர்கள்

1901-ல் தோடர் பழங்குடியினரைப் பற்றி ஆராய நீலகிரிக்கு வந்த மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், ஆற்றைக் கடக்கும்போது அவர்கள் செய்யும் ஒரு சிறு காரியத்தைக் குறித்துவைத்தார். பைக்காரா ஆற்றிலோ அவலாஞ்சி ஆற்றிலோ கால் வைக்கும் தோடர், உடம்பைப் போர்த்தியிருக்கும் புத்துக்குளிக்குள்ளிருந்து வலக்கையை வெளியே எடுத்துவிடுவார். அக்கரை ஏறும்வரை அந்தக் கை போர்வைக்குள் போகாது. இந்த இரண்டு ஆறுகளும் அவர்களுக்குத் தெய்வங்கள்; கை வெளியே இருப்பது தெய்வத்துக்குச் செய்யும் மரியாதை. பூசைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஆற்றைக் கடப்பதில் இன்னும் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. 1906-ல் வெளியான அவருடைய 'தி தோடாஸ்' நூலில் இவையெல்லாம் உள்ளன.

நீச்சல் தெரிந்தவர் எவரும் இதைப் படித்தால் லேசாகச் சிரிப்பார். கனத்த போர்வைக்குள் இரண்டு கைகளையும் சுருட்டிக்கொண்டு வழுக்குப்பாறை ஆற்றில் இறங்குகிறவனுக்கும், ஒரு கையை விடுவித்துக்கொண்டு இறங்குகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குச் சொல்லாமலே விளங்கும். தோடர்கள் அப்படிக் கணக்குப் போட்டு வழக்கத்தை உண்டாக்கினார்கள் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் ஆற்றில் கால் வைக்கும் முன் ஒரு கணம் நின்று எதையாவது செய்யவேண்டும் என்ற ஒழுங்கு, மலை ஆற்றில் உயிரைக் காக்கக்கூடியது.

மலை ஆறு ஏமாற்றும். முக்குருத்தி மலைப் பக்கம் பிறக்கும் பைக்காரா, பீடபூமியில் புல்வெளிக்கு நடுவே சாதுவாகப் போகிறது. பிறகு அருவிகளாக விழுந்து, மலையின் வடக்கு அடிவாரத்தில் மாயாறு என்று பெயர் மாற்றிக்கொண்டு, ஆழமான பள்ளத்தாக்கு வழியாகக் கிழக்கே ஓடி, பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. இந்த ஓட்டத்தில் எந்த இடத்தில் நிற்பவருக்கும் தலைக்கு மேலே மலையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஊட்டி நகரம் ஓர் ஆண்டு முழுக்கப் பெறும் மழையில் இது பாதிக்கும் மேல். அப்படிப்பட்ட நாளில்கூட அடிவாரத்தில் வெயில் அடிக்கலாம்.

நீரோரத்தில் உட்கார்ந்து பொழுதுபோக்கும் பழக்கத்தை நீலகிரிக்குக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1820-களின் நடுவில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்துக் கட்டியதுதான் ஊட்டி ஏரி. கரை நிலைக்கச் சில காலம் பிடித்தது. தண்ணீர் அதை உடைத்துக்கொண்டு போனதும் உண்டு. முதலில் ஏரியில் படகு ஓடியது அக்கரைக்குப் போகத்தான். உல்லாசம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஏரி சுருங்கச் சுருங்க, வெளிவந்த தரையில் பஸ் நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் முளைத்தன. 1973-ல் சுற்றுலாத் துறை ஏரியை எடுத்துக்கொண்டு படகு இல்லம் நடத்தத் தொடங்கியது. இன்று மிஞ்சியிருப்பது சுமார் 65 ஏக்கர்.

பந்தய மைதானத்தின் கதை அதோடு முடியவில்லை. குத்தகை பாக்கி வழக்குகளுக்குப் பிறகு 2024-ல் அரசு அந்த நிலத்தை மீட்டு, சூழல் பூங்கா அமைக்கத் திட்டமிட்டது. கோடப்பமந்து கால்வாய் இந்த நிலத்தின் வழியாகத்தான் ஏரிக்குப் போகிறது. கனமழையில் அந்தப் பக்கம் வெள்ளம் நிற்பதை ஊட்டிக்காரர்கள் அதிசயமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடம் அது.

1932-ல் பைக்காரா ஆற்றின் குணமே மாறியது. அதன் நீரைச் சுமார் 3,000 அடி கீழே சிங்காராவுக்குக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் இவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீரில் ஓடிய மின் நிலையங்கள் உலகிலேயே வெகு சில. 1950-களில் மாயாறு மின் நிலையமும், பிறகு கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா உதவியோடு குந்தா மின் திட்டமும் வந்தன. ஆற்றுக்கு இப்போது சுவிட்ச் இருந்தது. மழை பெய்தால் பெருகும், கோடையில் வற்றும் என்று முன்னோர் வைத்திருந்த கணக்கு பலிக்காமல் போயிற்று. மின்சாரத் தேவை கூடும் நேரத்தில் தண்ணீர் வரும். தேவை குறைந்தால் நின்றுவிடும். அணை நிரம்பினால் நள்ளிரவிலும் மதகு திறக்கும்.

இதன் விலையை அதிகம் கொடுத்த ஊர் மலைக்குக் கீழே இருக்கும் மேட்டுப்பாளையம். குந்தா திட்டத்தின் கடைசிப் படிகளில் ஒன்றான பில்லூர் அணை பவானியின் குறுக்கே, ஊருக்கு மேலே காட்டுக்குள் நிற்கிறது. அணையின் முழு நீர்மட்டம் 100 அடி. நீர்மட்டம் 97 அடியைத் தொட்டால் உபரியைத் திறந்துவிடுவது வழக்கம். நெல்லித்துறை, வனபத்ரகாளியம்மன் கோயில், மேட்டுப்பாளையம் என்று கீழே வரிசையாகக் குளிக்கும் துறைகள். முழங்கால் அளவு தண்ணீரில் பாறைமேல் துணி காயவைத்துக்கொண்டிருந்தவர்கள், சற்று நேரத்தில் அதே பாறையில் தீவாக நின்று கூவியதும், தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மீட்டதும் இங்கே பழகிப்போன செய்திகள். மீட்க முடியாமல் போனவர்களும் பலர். ஊட்டிக்குப் போகும் வழியில் "அஞ்சு நிமிஷம் கால் நனைச்சுட்டுப் போகலாம்" என்று வண்டியை நிறுத்திய வெளியூர் இளைஞர்கள் இவர்களில் கணிசம். கடைசியில் கோவை மாவட்டக் காவல்துறை இந்த ஆற்றுக்கென்றே தனி உயிர்காப்புக் குழுவை நிறுத்தவேண்டிய நிலை வந்தது.

புனலாட்டும் அதில் நேரும் சாவும் தமிழருக்குப் புதிதல்ல. வையையில் புதுவெள்ளம் வந்ததும் ஊரே திரண்டு ஆடியதைப் பரிபாடல் பாடுகிறது. மிதக்க உதவும் புணை சங்கப் பாட்டுகளில் அடிக்கடி வரும் பொருள். கழார்த் துறையில் கரிகாலன் முன்னிலையில் நடந்த காவிரிப் புனல் விழாவில் ஆட்டனத்தி என்ற ஆடல் வல்லவன் வெள்ளத்தோடு போனான். மனைவி ஆதிமந்தி கரையெல்லாம் அழுது தேடினாள். பரணரின் அகநானூற்றுப் பாட்டு ஒன்று இந்தக் கதையில் மருதி என்ற இன்னொரு பெண்ணையும் சொல்கிறது. அவள் ஆட்டனத்தியை ஆதிமந்திக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுத் தானே கடலில் புகுந்துவிடுகிறாள். நீரில் சிக்கியவர் பிழைக்க, கைகொடுத்தவர் மறைந்துபோகும் இந்தச் செய்தியை இன்றும் மாவட்டப் பக்கங்களில் படிக்கிறோம். வேட்டியையோ கயிற்றையோ நீட்டாமல் தானே குதித்தவர்களின் கதைகள் அவை.

புணைக்குப் பிறகு கொங்கு நாட்டுக் கிணறுகளில் சுரைக்குடுக்கை வந்தது. அதன்பின் முதுகில் கட்டிய பிளாஸ்டிக் கேன், அப்புறம் லாரி டியூப். இன்று வெளிநாடுகளில் காசு வாங்கிக்கொண்டு ஆற்றில் மிதக்கவிடும் விளையாட்டும் அதே டியூப்தான். லாவோஸின் வாங் வியெங் ஊரில் நாம் சோங் ஆற்றோரம் மதுக்கடைகள் வரிசையாக முளைக்க, குடித்துவிட்டு டியூபில் மிதந்தவர்களும் உயரத்திலிருந்து குதித்தவர்களுமாக 2011-ல் மட்டும் 27 சுற்றுலாப் பயணிகள் இறந்ததாக உள்ளூர் மருத்துவமனை பதிவு செய்தது. மறு ஆண்டு அரசு அந்தக் கடைகளை மூடியது. நாம் சோங்கோடு ஒப்பிட்டால் நீலகிரி ஆறுகள் இன்னும் குறுகலானவை, செங்குத்தானவை, பாறை நிறைந்தவை. டியூபில் சாய்ந்து வானம் பார்க்கத் தோதான ஆறு இங்கே கிடையாது என்பதே உண்மை.

வட்டமான ஒரு மிதவையை இந்த மாவட்டத்தில் அன்றாடப் பிழைப்புக்காக நம்பியிருப்பவர்கள் தெங்குமரஹடாவாசிகள். கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த ஊர் என்றாலும் அது மலைமேல் இல்லை, மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. உணவுப் பஞ்சம் வாட்டிய 1948-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, காட்டு நிலத்தைக் குத்தகைக்கு வாங்கி விவசாயம் செய்ய இறங்கி வந்தவர்களின் ஊர். பவானிசாகரிலிருந்து காட்டுப் பாதையில் வரும் பஸ் மாயாற்றங்கரையோடு நின்றுவிடும். அப்புறம் பரிசல்தான். ரேஷன் மூட்டையும் பிரசவ வலி கண்ட பெண்ணும் அதில்தான் போகவேண்டும். ஆற்றில் முதலைகள் உண்டு. காட்டு யானைகளுக்கும் அதே துறைதான்.

மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல முடைந்து தோல் போர்த்தியது பழைய பரிசல். தோலின் இடத்தில் பிறகு தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் வந்தன. இப்போது பைபரும் உண்டு. முன்னும் பின்னும் இல்லாத வட்டம் என்பதால் அசந்தால் சுற்றும். ஆகவே ஓடக்காரர் நேர் எதிரே உள்ள துறையைக் குறிவைப்பதில்லை. கரையோரமாகவே மேல்புறம் கொண்டுபோய், அங்கிருந்து இழுப்போடு சாய்வாக விட்டு, எதிர்க்கரையில் தாம் நினைத்த இடத்தில் ஒதுக்குவார். தண்ணீரோடு மல்லுக்கட்டுவது அவர் வேலையல்ல. டியூபிலிருந்து கவிழ்ந்தவருக்கும் இதே கணக்குதான். எதிர்த்து நீந்தாமல் மல்லாந்து, காலை நீர் போகும் பக்கம் நீட்டிக்கொண்டு, சாய்வாகக் கரை ஒதுங்கவேண்டும். இழுப்பில் எழுந்து நிற்கப் பார்த்தால் பாறை இடுக்கில் கால் மாட்டும். அப்படி மாட்டியவர் இடுப்பளவு நீரிலும் பிழைப்பது அரிது. உடம்போடு டியூபைக் கட்டிக்கொள்வது இன்னும் மோசம். கவிழ்ந்தால் அவிழ்க்க நேரம் கிடைக்காது. உயிர்காப்பு உடையின் வார்களைப் படம் எடுத்து முடித்ததும் தளர்த்திவிடும் பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

கலங்கல் வந்தால் பரிசல் கரையேறிவிடும். தெளிந்த நீர் திடீரென்று செம்மண் நிறம் கொள்வதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும் மேலே மழை என்பதன் அடையாளம். ஒகேனக்கல்லில் இந்த வேலையை எண்கள் செய்கின்றன. மத்திய நீர் ஆணையம் பிலிகுண்டுலுவில் காவிரியின் வரத்தை அளக்கிறது. அது கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை போடும். சவாரிக்காரர்கள் முணுமுணுப்பார்கள், தடை நிற்கும். மேட்டுப்பாளையத்தில் தண்டோராவும் எச்சரிக்கைப் பலகையும் இருக்கின்றன. ஆனால் துறைக்குத் துறை ஆள் நிறுத்த முடியாத அளவுக்கு ஆறு நீளம்.

தெங்குமரஹடா மக்களை வெளியே குடியமர்த்தும் பேச்சு நெடுநாளாக நடக்கிறது. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஊர் அது. 495 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம் என்று கணக்கிட்டு, 74.25 கோடி ரூபாய் வழங்கும்படி தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் உத்தரவிட்டது. பாலம் கேட்டு அலைந்த ஊருக்குக் கிடைத்த பதில் இது.

சுற்றுலாப் பயணிக்கு அந்தப் பரிசலில் வேலை இல்லை. அவருடைய ஆறு பெரும்பாலும் பவானிதான், அதுவும் ஊட்டிக்கு ஏறும் முன்போ இறங்கிய பின்போ அரை மணி நேரம். பில்லூர் 97 அடியைத் தொட்டதாகச் செய்தி வந்த நாளில் அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் அடம்பிடித்தால் படித்துறைக்கு மேலேயே நிறுத்தி வேடிக்கை காட்டி அழைத்து வாருங்கள்.