வாஷிங் மெஷினுக்கு முன்னால் நம் துணியை வெளுத்தவர்கள்

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடமான தோழர்கள் இப்போதெல்லாம் எங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். வீட்டுக்கு வாஷிங் மெஷின் வாங்க வேண்டும், ஃப்ரண்ட் லோடா டாப் லோடா, டிரையர் தேவையா என்று. கேட்டுவிட்டு, இதையெல்லாம் உங்களிடம் போய்க் கேட்கிறோமே என்று சிரிக்கவும் செய்கிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். நம் மக்களின் வரலாற்றில் அழுக்குத் துணியை யார் வெளுப்பது என்பது சில்லறை விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. அந்த வரலாற்றைச் சொல்லிவிட்டு மெஷினுக்கு வருகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1930களின் நடுவில் எழுதிய சிறிய தன்வரலாற்றுக் குறிப்பு ஒன்று உண்டு, 'வெயிட்டிங் ஃபார் எ விசா'. நம்மில் பலர் அதில் கோரேகான் மாட்டுவண்டிப் பயணத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். தண்ணீர் கிடைக்காமல் இரவெல்லாம் தவித்த சிறுவர்களின் அந்தப் பயணம் நடந்தது 1901இல். அதைச் சொல்லி முடித்ததும், தீண்டாமை என்பது தனக்கு முன்பே எப்படித் தெரிந்திருந்தது என்று அவர் சில வரிகள் எழுதுகிறார். பள்ளியில் தனியாக உட்கார ஒரு கோணிச்சாக்கு. தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும், பியூன் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. அடுத்தபடியாக அவர் சொல்வது துணி. வீட்டுத் துணியையெல்லாம் அவருடைய அக்காமார் துவைத்தார்கள். சத்தாராவில் சலவைத் தொழிலாளிகள் இருந்தார்கள். கூலி கொடுக்க வீட்டில் வசதியும் இருந்தது, அப்பா இராணுவ ஓய்வூதியக்காரர், வேலையிலும் இருந்தார். ஆனாலும் தீண்டப்படாதவர் துணியை எடுக்க அந்த ஊரில் எந்தச் சலவையாளியும் வரமாட்டார். முடிவெட்டவும் ஆள் வராது, அதையும் அக்காவே கற்றுக்கொண்டு செய்தார்.

இந்த வரிகளில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது காசு பற்றிய குறிப்பு. வறுமைதான் பிரச்சினை, சாதியெல்லாம் இரண்டாம் பட்சம் என்று நம்மிடம் இன்றும் வகுப்பெடுக்கிறார்களே, அவர்களுக்கு இந்த இடத்தைப் படிக்கக் கொடுக்கலாம். கையில் காசு இருந்தது, சந்தையில் ஆள் இருந்தார், பரிமாற்றம் மட்டும் நடக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது வீட்டுப் பெண்களின் உழைப்பு.

அந்தச் சிறுவன் இதை மறக்கவில்லை. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவின் ஒன்பதாம் பிரிவு விவாதத்துக்கு வந்தது. இன்று நாம் பதினைந்தாம் பிரிவு என்று அறிவது. கடைகளில் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. கடை என்றால் சலவைக் கடையும் சவரக் கடையும் சேருமா என்று சபையில் கேள்வி எழுந்தது. அம்பேத்கர் சொன்ன விளக்கத்தின் சாரம் இது: கடை என்ற சொல்லை உள்ளே நுழையும் உரிமை என்ற சுருங்கிய பொருளில் இங்கே பயன்படுத்தவில்லை. சேவை தர முன்வந்திருக்கும் ஒருவர், அதை நாடி வருகிற எவருக்கும் தர வேண்டும் என்ற விரிந்த பொருளில் வைத்திருக்கிறோம். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவும் அதே நாளில்தான் நிறைவேறியது.

ஏழு வருடம் கழித்து வந்த 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 'கடை' என்ற சொல்லுக்கு விளக்கம் தரும் இடத்தில், சலவைக் கடையையும் முடிதிருத்தகத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய பிறகும் அந்த விளக்கம் இருக்கிறது. சட்டம் படிக்கும் தோழர்கள் இரண்டாம் பிரிவை எடுத்துப் பாருங்கள். வறட்டு மொழியில் எழுதப்பட்ட அந்த வரிக்குப் பின்னால் எத்தனையோ ஊர்களின் சத்தாராக்கள் இருக்கின்றன.

வெள்ளைத் துணி உடுத்துவதே குற்றமாக இருந்த இடங்களும் உண்டு. இராமநாதபுரம் சீமையில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை கூடாது, ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது என்பவை அவற்றில் சில. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த வருடம் தடைகள் பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1927இல் மகத் மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம் புடவையைக் கணுக்கால் வரை உடுத்தச் சொன்னதும், துணி கிழிந்திருந்தாலும் சுத்தமாக இருக்கட்டும் என்று சொன்னதும் ஏன் என்பது இந்தப் பின்னணியில்தான் விளங்கும். சுத்தம் அங்கே அரசியல். தண்ணீர் எடுக்கவே உரிமை இல்லாதவர்களிடம் அழுக்காக இருக்கிறாய் என்று சொல்வதும் ஒரு அரசியல்தான்.

இனி நாம் அதிகம் பேசாத பக்கம்.

தமிழ்நாட்டில் சேரித் துணியை ஊர் வண்ணார் எடுக்கமாட்டார். அப்படியானால் யார் எடுத்தது? புதிரை வண்ணார். தலித் மக்களின் துணியை வெளுப்பது, பிரசவத் துணி, மாதவிலக்குத் துணி, சாவு வீட்டுத் துணி எடுப்பது, சடங்குகளில் நிற்பது எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தன. கூலி என்று கையில் காசு வராது. அறுவடையில் கொஞ்சம் தானியம், அந்தியில் வீடு வீடாகப் போய் வாங்கும் சோறு. உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து, சேராங்கொட்டைப் பாலால் வீட்டுக்கு வீடு குறி போட்டுப் பிரித்து, பொதி கட்டித் திருப்பிக் கொடுக்கிற அத்தனை வேலைக்கும் அதுதான் விலை.

1932 டிசம்பரில் 'தி இந்து' நாளேட்டில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பார்த்தாலே தீட்டு என்று பகலில் வெளியே வரவிடாமல் வைக்கப்பட்ட புரத வண்ணார்கள் பற்றியது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் தீண்டப்படாதவர்களின் துணியை அவர்கள் வெளுத்தார்கள். அவர்களை வீட்டைவிட்டு வெளியே வரவைத்துப் பேசுவதற்கே பெரும்பாடு பட வேண்டியிருந்தது. இந்தச் செய்தியை அம்பேத்கர் பின்னர் தம் எழுத்தில் எடுத்தாண்டார். தொடாமை, அணுகாமை போதாதென்று பாராமை என்று ஒன்று இங்கே, நம் மண்ணில், தாமிரபரணி பாயும் மாவட்டத்தில் இருந்தது.

எழுத்தாளர் இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' நாவலில் ஆரோக்கியம் என்ற புதிரை வண்ணார் பெண்ணை நடுவில் நிறுத்தி எழுதியபோது நம் வட்டாரங்களிலேயே கடும் விமர்சனம் எழுந்தது. தலித்துகளுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வைப் பேசினால் எதிரிக்குத்தான் வசதி என்றார்கள். அந்த வாதத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை. சாதியின் படிக்கட்டை அம்பேத்கர் விளக்கியதே இப்படித்தானே: மேலே போகப் போக மரியாதை, கீழே இறங்க இறங்க இழிவு, ஒவ்வொரு படிக்கும் தனக்குக் கீழே ஒரு படி. அந்தக் கடைசிப் படியில் நின்றவர் நம் துணியைத்தான் சுமந்தார் என்றால் அதையும் நாம்தான் பேச வேண்டும்.

நைலக்ஸ், டெரிலின் வந்தது, சோப்புக் கட்டி வந்தது, பெட்டிக்கடையில் சோப்புத்தூள் பொட்டலம் வந்தது. வீட்டிலேயே துவைத்துக்கொள்ள ஆரம்பித்தோம். துணி எடுக்கும் வேலை குறையக் குறைய அந்தியில் கிடைத்த சோறும் நின்றது. சாவுக்கும் சடங்குக்கும் மட்டும் கூப்பிடுவது பல ஊர்களில் தொடர்ந்தது. புதிரை வண்ணார் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். ஆனால் ஊருக்கு ஒன்றிரண்டு குடும்பமாகச் சிதறி வாழ்வதால் சாதிச் சான்றிதழ் வாங்கவே தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். அப்பாவின் சான்றைக் கொண்டு வா என்கிறார்கள், அப்பாவுக்கே சான்று இருந்திருக்காது. 2009இல் தமிழக அரசு அவர்களுக்கென ஒரு நல வாரியம் அமைத்தது. மாணவத் தோழர்களே, உங்கள் ஊரில் எத்தனை குடும்பங்களிடம் அந்த வாரியத்தின் அட்டை இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

இந்தக் கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு ஊர் அட்லாண்டா. ஜோதிராவ் புலே 1873இல் தம் 'குலாம்கிரி'யை அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழித்தவர்களுக்குக் காணிக்கையாக்கினார். அதற்கு எட்டு வருடம் கழித்து, 1881 ஜூலையில், விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்கள் சுமார் இருபது பேர் அந்த ஊரில் ஒரு சலவைச் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர் கூலி என்று கேட்டார்கள். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்ததில், மூன்று வாரத்தில் வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் மூவாயிரம். கைது, அபராதம் எல்லாம் நடந்தது. ஆளுக்கு வருடம் 25 டாலர் உரிமக் கட்டணம் விதிக்கலாமா என்று நகரசபை யோசித்தது. பெண்கள் அசையவில்லை, நகரசபைதான் பின்வாங்கியது. அந்தச் சமயத்தில், இவர்களுக்குப் பதிலாக நீராவிச் சலவைக்கூடம் ஒன்றைத் தொடங்கலாம் என்ற பேச்சும் முதலாளிகள் மத்தியில் ஓடியது. சலவை இயந்திரம் கருங்காலியாக அரங்கேறப் பார்த்த கதை அது.

சமையலும் ஆயா வேலையும் வெள்ளைக்கார வீட்டுக்குள் எஜமானியின் கண்பார்வையில் செய்ய வேண்டியவை. துணியை மட்டும் தன் வீட்டுக்கு எடுத்து வந்து, தன் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே வெளுக்கலாம். அதனால்தான் அவர்கள் அந்தத் தொழிலைக் காப்பாற்றப் போராடினார்கள். நம் வண்ணாந்துறைகளில் அப்படியொரு பேரம் பேசும் வலிமை ஏன் உருவாகவில்லை என்று கேட்டால், தொழில் பிறப்போடு கட்டப்பட்டிருந்தது என்பதுதான் பதிலின் பெரும்பகுதி. வேலைநிறுத்தம் செய்ய முதலில் அது கூலிவேலையாக இருக்க வேண்டும்.

சரி, மெஷினுக்கு வருவோம். இன்று நாம் பார்க்கும் முன்கதவுத் தானியங்கி மெஷினை வீடுகளுக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம், 1937இல். ஆட்டம் தாங்காமல் அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடமே மின்சார டிரையரும் கடைக்கு வந்துவிட்டது. வடக்கு டக்கோட்டாவின் பனிக்காலத்தில் துணி உலராமல் தவித்த ஜே. ராஸ் மூர் என்பவரின் யோசனை அது. வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய ஒரு நூலில், மெஷின் வந்ததும் சலவைக்காரப் பெண் வருவது நின்றது, அந்த வேலை முழுக்க வீட்டுப் பெண்ணின் தலையில் இறங்கியது, அடிக்கடி துவைக்கும் வழக்கமும் கூடியது என்று காட்டினார். எனவே தோழர்களே, மெஷின் வாங்கினால் பொத்தானை அழுத்துவது யார், ஈரத் துணியை உதறிக் காயப்போடுவது யார், மடிப்பது யார் என்பதையும் பில் போடும் முன் வீட்டில் பேசிவிடுங்கள். சத்தாராவில் அக்காமார் துவைத்தார்கள், சென்னையில் அம்மாவோ மனைவியோ என்றால் எதற்கு இத்தனை வாசிப்பு?

எங்கள் கருத்து, வசதி இருந்தால் ஃப்ரண்ட் லோடு. படுக்கைவாட்டில் சுழலும் டிரம் துணியை மேலே தூக்கிக் கீழே போடுகிறது, கல்லில் அடிப்பதன் சாந்தமான வடிவம். டிரம்மை நிறைக்கத் தேவையில்லை என்பதால் ஒரு சுற்றுக்கு ஐம்பது லிட்டர் அளவில் முடித்துவிடும். டாப் லோடு நூறு லிட்டரைத் தாண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்குக் குடத்தோடு நின்ற சென்னைவாசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளேயே ஹீட்டர் இருப்பதால் வெள்ளாவி வேலையில் ஒரு பங்கை அது செய்யும், ஆனால் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தின்பதும் அந்த ஹீட்டர்தான், எல்லாத் துணிக்கும் வெந்நீர் வைக்காதீர்கள். நுரை குறைவான, அதற்கென்று விற்கிற தூளையே போட வேண்டும். போர்வெல் உப்புத் தண்ணீர் ஹீட்டரில் படிந்து கெடுக்கும், அதற்குத் தனியே படிவு நீக்கும் தூள் உண்டு. கதவு ரப்பரைத் துடைத்துவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை நாற்றம். மேல்மாடியில் குடியிருந்தால் தொட்டிக்கும் மெஷினுக்கும் போதிய உயரம் இருக்கிறதா, தண்ணீர் வேகம் போதுமா என்று முதலில் பாருங்கள். மூன்று நான்கு பேர் வீட்டுக்கு ஏழு கிலோ போதும்.

டிரையர் பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. வெயில் இலவசம், பத்து மாதம் தாராளமாகக் கிடைக்கிறது, எதற்கு அது என்பது ஒரு கட்சி. ஆனால் வெயில் இலவசம் என்றாலும் மொட்டைமாடி இலவசமில்லை. சாதி கேட்டு வீடு மறுக்கும் ஊர்களில், தப்பித்தவறி வீடு கிடைத்தவர்களிடம் மாடிக் கொடியில் துணி போடாதே, எங்கள் துணியோடு படாமல் போடு என்று சொல்லும் வீட்டுக்காரர்களை நாங்கள் அறிவோம். அப்படிச் சொன்னால் முதலில் செய்ய வேண்டியது டிரையர் வாங்குவது அல்ல, சொன்னதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு நம் வழக்கறிஞர் தோழர்களிடம் பேசுவது. அதற்குமேல், ஐப்பசி கார்த்திகை மழைக்காகவோ கைக்குழந்தைத் துணிக்காகவோ டிரையர் வேண்டுமென்றால் ஹீட் பம்ப் வகையைப் பாருங்கள். விலை கூடுதல், மின்சாரம் பழைய வகைகளைவிட ஏறக்குறைய பாதி, சூடும் மிதம். துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே மெஷினில் என்று விற்கிறார்களே, அதில் துவைக்க எட்டு கிலோ என்று எழுதியிருந்தால் உலர்த்த ஐந்து கிலோ அளவுதான் இருக்கும். பாதித் துணியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டிவரும். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்கள்.