ஈஜிபுரா - சென்னை: விமானத்தில் சென்றால் எவ்வளவு நேரம் மிச்சம்?

பெங்களூரு: பெங்களூரு, சென்னை விமான நிலையங்களுக்கு இடையிலான வான்வழித் தொலைவு சுமார் 270 கி.மீ. இரு நகரங்களுக்கும் இடையே சாலை வழியாக ஏறத்தாழ 350 கி.மீ.; ரயில் பாதையில் சுமார் 360 கி.மீ. அட்டவணைப்படி விமானப் பயண நேரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

எனினும், தமிழர்கள் பலர் வசிக்கும் ஈஜிபுரா பகுதியினருக்கு இது முழுக் கணக்கு அன்று. முன்பு பயணிகள் விமானங்கள் இயங்கிய எச்.ஏ.எல். விமான நிலையம் இப்பகுதிக்கு அருகிலேயே உள்ளது. 2008 மே 24-ஆம் தேதி முதல் அச்சேவைகள், தேவனஹள்ளி அருகேயுள்ள இன்றைய கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையத்திலிருந்து இயங்குகின்றன. ஈஜிபுராவிலிருந்து அங்குச் செல்ல ஏறத்தாழ 40 கி.மீ. கடக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் இதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகலாம்.

சோதனைகளுக்காக 2 மணி நேரம் முன்னதாகச் சென்றால், வீட்டிலிருந்து மீனம்பாக்கம் சேரவே நாலரை மணி நேரமாகிவிடும். அங்கிருந்து நகருக்குள் செல்லும் நேரம் தனி.

மாறாக, சுமார் 10 கி.மீ. தொலைவிலுள்ள கே.எஸ்.ஆர். பெங்களூரு நிலையத்திலிருந்து வந்தே பாரத் ரயில் ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் சென்னை சென்ட்ரலை அடைகிறது. எனவே அவசரப் பயணங்களில் பறக்கும் நேரத்தை மட்டுமன்றி, வீட்டு வாசலிலிருந்து ஆகும் மொத்த நேரத்தையும் கணக்கிடுவது நல்லது.