கால்வலிக்கு எண் வந்த கதை

திருத்துறைப்பூண்டியில் கோயில் கொண்டிருக்கும் சுவாமிக்குப் பிறவி மருந்தீசர் என்று பெயர். பிறவி என்ற பெரிய வியாதிக்கே மருந்து வைத்திருப்பவர். சில்லறை வியாதிகளைப் பார்க்க டாக்டர்கள் இருக்கிறார்கள். அவற்றிலும் கால்வலியைப் போல் அலட்சியத்துக்கு ஆளானது வேறில்லை. நாள் முழுவதும் சேற்றில் நின்று நடவு நட்டவள், "காலு வலிக்குதுங்க" என்றால், "வலிக்காமல் என்ன செய்யும்?" என்றுதானே ஊர் சொல்கிறது!

வியாதிகளுக்குக் கணக்கெழுதிய சாஸ்திரமும் வெகு காலம் இப்படித்தான் இருந்தது. அந்தக் கணக்கு சாவிலிருந்து பிறந்தது. லண்டன் நகரத்து மரணப் பட்டியல்களை ஆராய்ந்து, ஜான் கிராண்ட் என்ற வியாபாரி 1662-ல் ஒரு புஸ்தகம் போட்டார். 1893-ல் பாரிஸ் நகரப் புள்ளிவிவரத் தலைவர் ஜாக் பெர்ட்டிலான், எல்லாத் தேசங்களுக்கும் பொதுவான மரணக் காரணப் பட்டியலைச் சிகாகோ மகாநாட்டில் சமர்ப்பித்தார். கால்வலியால் யாரும் சாவதில்லை. சாவுப் பட்டியலில் அதற்கு என்ன வேலை?

1948-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதன் ஆறாவது திருத்தத்தை ஏற்றபோதுதான், உயிரோடிருந்து அவதிப்படுகிறவர்களின் நோய்களுக்கும் அதிலே முறையாக இடம் கிடைத்தது. பத்தாவது திருத்தத்தில் கை கால் வலிக்கு 'எம் 79.6' என்று எண். 2022-ல் பதினோராவது திருத்தம் அமலுக்கு வந்த பிறகும் பல இடங்களில் புழங்குவது பத்தாவதுதான்.

இந்த எண், காரணம் தெரியாத வலி தங்கிப் போகும் சத்திரம். காரணம் தெரிந்துவிட்டால் அது சொந்த வீட்டுக்குப் போயாக வேண்டும். அப்படி நம் பக்கத்தில் பேர் போன வீடுகள் இரண்டு. ஒன்று 'பி 47'. 1842-ல் மதுரை வைத்தியசாலையிலிருந்து கில் என்பவர் விவரித்த நோய் அது. முள் குத்திய பாதத்தில் புகுந்து எலும்பு வரை அரிக்கும். உலகம் அதற்கு 'மதுரைப் பாதம்' என்றே பெயர் வைத்தது. மற்றது 'பி 74'. காவிரிப் படுகை நன்றாக அறிந்த யானைக்கால்.

யானைக்கால் புழு கொசுவின் உடம்பில் வளர்வதை, 1877-ல் சீனத்து அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன் கண்டார். புழுக்குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் உலாவும். ஆகவே விரலைக் குத்தி ரத்தம் எடுக்கும் சிப்பந்திகள் ராத்திரியில் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. 1955-ல் இந்திய சர்க்கார் இந்த நோயைக் கட்டுப்படுத்த ஒரு தேசியத் திட்டமே தொடங்கிற்று.

எந்த ஊரில் எத்தனை பேர் என்ற கணக்கைப் பார்த்துத்தான் மாத்திரையும் ஆட்களும் அனுப்புகிறார்கள். சுரமும் நெறிகட்டலும் சேர்ந்த கால்வலியை, ஆஸ்பத்திரிக் கூட்டத்தின் அவசரத்தில் 'எம் 79.6' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? அவளுடைய வலி பதிவாகிவிடும். வியாதி கணக்கிலிருந்து நழுவிவிடும். அவள் ஊருக்கு வர வேண்டிய மாத்திரையும் தாமதப்படலாம்.

எண் வேண்டாம் என்பதல்ல நம் கட்சி. நடவு நட்டவளின் கால்வலியையும் உலகம் ஒரு பொருட்டாக மதித்துப் பட்டியலில் சேர்த்ததே பெரிய காரியம். ஆனால் எண்ணை எழுதுமுன் நாலு கேள்வி கேட்க வேண்டும்: எந்தக் கால்? எத்தனை நாளாக? சுரம் வந்ததா? நெறி கட்டிற்றா? இதற்குச் சில நிமிஷங்கள் போதும். வீக்கம் நிலைத்துவிட்ட பிறகு கேட்டால், அவள் ஆயுள் முழுவதும் அந்தக் காலைச் சுமக்க வேண்டியதுதான்.