சர்பாக்டன்ட்

குறைமாதக் குழந்தையை இன்குபேட்டரில் வைத்திருக்கும்போது வெளியே காத்திருக்கும் பெற்றோர் காதில் விழும் சொல் இது. ‘சர்பேஸ் ஆக்டிவ் ஏஜென்ட்’ என்ற மூன்று சொற்களைச் சுருக்கிப் பிறந்தது. பரப்பில் வினைபுரியும் பொருள் என்று அர்த்தம். சோப்பும் சலவைத்தூளும் இந்த இனம்தான். மருத்துவத்தில் இது நுரையீரல் தானே சுரக்கும் கொழுப்பும் புரதமும் கலந்த பூச்சைக் குறிக்கும்.

நுரையீரலின் காற்றறைகளுக்குள் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. அதன் பரப்பு இழுவிசை, மூச்சை விடும்போதெல்லாம் அறைகளைச் சுருக்கி மூடப் பார்க்கும். அதைத் தடுப்பது இந்தப் பூச்சு. கருவில் இது போதிய அளவில் சுரக்க ஏறக்குறைய 34, 35 வாரம் ஆகும். முன்னதாகப் பிறந்த குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் போராடுகிறது: நெஞ்சு உள்வாங்கும், மூக்குத்துளை விரியும், முனகல் கேட்கும்.

இந்த மூச்சுத்திணறல் நோய்க்குப் பூச்சு இல்லாததே காரணம் என்று 1959இல் காட்டியவர்கள் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் இந்நோயால் இரண்டே நாளில் இறந்தபோதும் மருந்து இல்லை. 1980இல் ஜப்பானின் புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்பாக்டன்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டார். மகத்தான வேலை அது.

குறைமாதத்தில் வலி கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிரசவத்துக்கு முன்பே தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, குழந்தையின் நுரையீரலை இந்தப் பூச்சைச் சுரக்கத் தூண்டும்.