பள்ளியும் பந்தியும்: பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற கேள்வியின் வரலாறு

1

'பிள்ளைய எங்க சேத்திருக்கீங்க?' மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாட்டில் மூன்று வயதுக் குழந்தை உள்ள எந்த வீடும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது. கேட்பவர் பள்ளியின் பெயரை மட்டும் எதிர்பார்ப்பதில்லை. பெயரைச் சொன்னதும் சம்பளம், குடியிருக்கிற தெரு, பல நேரங்களில் சாதிகூட விளங்கிவிடுகிறது. 'கவர்ன்மெண்ட் ஸ்கூல்லதான்' என்று பதில் சொல்பவர் அந்தத் 'தான்' இல்லாமல் சொல்வது அபூர்வம்.

இது பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உண்டு. ஒன்று முற்போக்கு முகாமின் பேச்சு: நடுத்தர வர்க்கத்தின் ஆங்கில மோகம்தான் அரசுப் பள்ளியைக் காலி செய்தது. இன்னொன்று சந்தையின் பேச்சு: தரம் எங்கே இருக்கிறதோ அங்கே போவது பெற்றோரின் உரிமை. எதிரெதிராகத் தெரியும் இவ்விரண்டும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. 'அரசு', 'தனியார்' என்ற இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன, பெற்றோர் நடுவில் நின்று தேர்ந்தெடுக்கிறார்கள் என்று இரண்டுமே நம்புகின்றன. இந்த எதிர்வை வரலாற்றில் வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. எந்தப் பள்ளி என்ற கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருந்துகொண்டே வந்திருக்கிறது: என் பிள்ளை யார் பக்கத்தில் உட்காரும், யாரோடு சாப்பிடும்?

2

கம்பெனி அரசு மெட்ராஸ் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க முனைந்தது 1822ல். 1826ல் கவர்னர் தாமஸ் மன்றோ தொகுத்த குறிப்பின்படி 1,28,50,941 மக்கள்தொகைக்கு 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். இவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. இவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். பெற்றோர் தரும் அணாக்களும் தானியமும்தான் வாத்தியாரின் வருமானம். மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் அவருக்குத் தேறவில்லை என்று மன்றோ எழுதுகிறார். இன்றைய பாஷையில் சொன்னால் அத்தனையும் 'தனியார்' பள்ளிகள்.

தரம்பால் 1983ல் வெளியிட்ட நூலில் இந்தப் புள்ளிவிவரங்களை மீட்டுத் தந்தார். தமிழ் மாவட்டங்களின் பள்ளிகளில் பிராமணர்களைவிட, ஆவணம் 'சூத்திரர்' என்று குறிக்கும் சாதியாரே அதிகம் என்பதை எடுத்துக்காட்டினார். காலனியம் வந்துதான் நமக்குக் கல்வி தந்தது என்ற கதையை இது உடைத்தது, சரி. ஆனால் அதே படிவத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். பிராமணர், வைசியர், சூத்திரர், 'மற்றெல்லாச் சாதியார்', முசல்மான் என்பவைதான் அதன் கட்டங்கள். தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அதில் தனிக் கட்டம் இல்லை. திண்ணை என்பது வீட்டின் ஒரு பகுதி. அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாதவனின் பிள்ளை திண்ணையில் எப்படி ஏறும்? பழைய கல்வியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கடந்து போய்விடுகிறார்கள்.

3

1854ல் வந்த சார்லஸ் உட்டின் அறிக்கை அரசே எல்லாப் பள்ளிகளையும் நடத்தும் திட்டம் அல்ல. தனியார் நடத்தட்டும், அரசு மானியம் தரும், மேற்பார்வை பார்க்கும் என்றது அது. 'எய்டட் ஸ்கூல்' என்ற கலப்பினம் பிறந்தது இங்கேதான். மிஷன்கள், சாதிச் சங்கங்கள், தனி மனிதர்கள் பள்ளி வைக்க, அரசுப் பணமும் அரசுப் பாடத்திட்டமும் உள்ளே போயின. தமிழ்நாட்டில் 'தனியார்' என்பது அரசுக்கு வெளியே முளைத்தது என்பதைவிட, அரசு தன் கையாலேயே வளர்த்தது என்பதே பொருந்தும்.

இந்த முறைக்கு இரண்டு முகங்கள். விருதுநகர் க்ஷத்ரிய வித்தியாசாலை 1889ல் தொடங்கியது. கோயில் நுழைவு மறுக்கப்பட்ட நாடார்கள் மகமையிலிருந்தும் வீடு வீடாக எடுத்த பிடியரிசியிலிருந்தும் நடத்திய பள்ளி அது. பின்னாளில் இலவசக் கல்வியின் பெயராகவே ஆகிப்போன காமராஜர் படித்தது அங்கேதான். ஆக 'தனியார்' என்றாலே லாபம் என்பதும் சரியல்ல. இன்னொரு முகம் பஞ்சமர் பள்ளிகள். பொதுப் பள்ளி எல்லோருக்கும் திறந்தது என்று காகிதத்தில் இருந்தாலும், பறையர் பிள்ளை உள்ளே வந்தால் மற்றவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் பறையர் நிலை பற்றி 1891ல் எழுதிய குறிப்பை அடுத்து, 1893ல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. 1894ல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி திறந்தார். இவை பலருக்கு முதல் எழுத்தைத் தந்தன. கூடவே, தனியாக உட்காரவைப்பதை அரசு ஏற்றுக்கொண்டதும் இதில் நடந்தது. இன்றும் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று அரசுப் பள்ளிகளின் நெற்றியிலேயே சாதி எழுதியிருப்பது இந்த வரலாற்றின் மிச்சம். 'அரசுப் பள்ளி' என்பதும் ஒருபோதும் ஒற்றைப் பொருளாக இருந்ததில்லை.

4

1920ல் நீதிக்கட்சித் தலைவர் பி.தியாகராயர் சென்னை மாநகராட்சியில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் பகலுணவு. சோறு போட்டால்தான் ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வரும் என்ற எளிய உண்மையை ஒரு ஆட்சிமன்றம் ஒப்புக்கொண்ட தருணம் இது.

இரண்டே ஆண்டுகளில், 1922ல், சேரன்மாதேவியில் வ.வே.சு.ஐயர் குருகுலம் தொடங்கினார். காலனியக் கல்விக்கு மாற்றான தேசியக் கல்வி என்றார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு ஐயாயிரம் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி நடந்தது தெரியவந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் சண்டை எழுப்பினார்கள். பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறிய 1925க்கு முந்தைய மோதல்களில் இது முக்கியமானது. இதை வெறும் பிராமணர் - பிராமணரல்லாதார் சச்சரவாகப் படிப்பது போதாது. பொதுப்பணத்தில் நடக்கும் தனியார் பள்ளி, தன் பந்தியைத் தானே தீர்மானிக்கலாமா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. அது இன்னும் தீரவில்லை.

சோறும் பள்ளியும் இப்படிப் பிணைந்ததை ஏதோ தர்ம காரியம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1953ல் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, அவர் பதவி விலகியபின் 1954ல் கைவிடப்பட்டது. காமராஜர் ஆட்சி 1956ல் மதிய உணவோடு பதில் சொன்னது. எம்.ஜி.ஆர் அதை 1982 ஜூலையில் சத்துணவாக விரித்தார். பசிக்குப் பதில் சொன்ன இந்த வரிசை பந்தியைக் கலைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2018ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் மறித்தார்கள்.

5

இனி மூன்று வயதுக்கு வருவோம். அரசுத் தொடக்கப் பள்ளி ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில்தான் கதவைத் திறக்கும். அதற்கு முன்னால் உள்ள குழந்தையை அரசு பார்க்கவில்லையா? பார்த்தது. 1975ல் வந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும் 1982ன் சத்துணவும் இரண்டு வயதுப் பிள்ளையைக்கூடத் தேடிப் போயின. ஆனால் அந்தப் பிள்ளை நலத்துறையின் பிள்ளை, கல்வித்துறையின் பிள்ளை அல்ல. அங்கன்வாடி என்றால் எடை பார்க்கும் இடம், சத்துமாவு தரும் இடம். படிப்புச் சொல்லித்தரும் இடமாக ஊர் அதை எண்ணவில்லை. அரசு சின்னக் குழந்தையை ஒரு வயிறாகக் கண்டது.

நர்சரிக்காரர் அதே குழந்தையை மாணவராகக் கண்டார். பையும் டையும் ஷூவும் மாட்டி, 'ரைம்ஸ்' சொல்லவைத்து, ஸ்லேட்டில் எழுதவைத்து அனுப்பினார். கன்னிகாஸ்திரீகளின் மடத்தைக் குறித்த 'கான்வென்ட்' என்ற சொல், மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் எந்த நர்சரிக்கும் பெயரானது. ஐந்து வயதில் அரசுப் பள்ளி கதவைத் திறக்கும்போது பிள்ளை ஏற்கெனவே வேறொரு பள்ளியில் இரண்டு வருஷம் முடித்திருக்கும். 'இங்க ஒண்ணாங்கிளாஸ் சேக்கலாமே' என்றால், 'அங்க யூகேஜி முடிச்சிருச்சு, எதுக்கு மாத்தணும்' என்பார்கள். தேர்வு ஐந்து வயதில் நடப்பதில்லை. அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அடுத்த படிக்கட்டையும் அரசே கட்டிவைத்திருந்தது. சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் பொறுப்பில் ஒரு சில பள்ளிகளோடு இருந்த மெட்ரிகுலேஷன் முறை, மேல்நிலைக் கல்வி அறிமுகமான 1978ல் அரசின் தனி விதித்தொகுப்போடு தனி வாரியம் ஆனது. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று ஒரே மாநிலத்தில் நான்கு பாடத்திட்டங்கள் நடந்தன. அருகமைப் பொதுப் பள்ளி வேண்டுமென்று கோத்தாரி குழு 1966லேயே சொல்லியிருந்தது. நாம் எதிர்த்திசையில் நடந்தோம்.

6

இதற்குப் பிறகு 'தேர்வு' சட்டத்தின் சொல் ஆகிறது. ஐந்தாம் வகுப்புவரை தமிழ் அல்லது தாய்மொழிவழிக் கல்வியை வலியுறுத்திய 1999ன் அரசாணையை, 2000ல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. கர்நாடக வழக்கில் 2014ல் உச்சநீதிமன்றம், தொடக்க நிலையில் பயிற்றுமொழியைத் தேர்வது குழந்தையின் உரிமை, குழந்தைக்காகப் பெற்றோர் அதைச் செய்யலாம் என்று தீர்த்தது. தெருவிலேயே நல்ல பள்ளி கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்த வலு கிடைக்கவில்லை.

2004 ஜூலை 16ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்து மடிந்தார்கள். அரசு உதவி பெறும் பள்ளியும் ஆங்கிலவழி நர்சரியும் ஒரே கட்டடத்தில் இயங்கின. சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவியது. எது அரசு, எது தனியார் என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி எல்லாம் அங்கே ஒன்றாக இருந்தன. அனுமதி கொடுத்ததும் மானியம் கொடுத்ததும் மேற்பார்வை பார்த்திருக்க வேண்டியதும் ஒரே அரசுதான்.

நான்கு வாரியங்களையும் இணைத்த சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010ல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆட்சி அதை நிறுத்தப் பார்க்க, 2011 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. புத்தகம் ஒன்றானது, பெஞ்சு ஒன்றாகவில்லை. மெட்ரிக் பள்ளிகள் பல சி.பி.எஸ்.இ. பக்கம் பார்வையைத் திருப்பின. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2013-14 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிக்கு ஏழைப் பிள்ளையின் கட்டணத்தை அரசே தருகிறது. 1854ன் மானியம் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது எனலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு தரும் 2020ன் சட்டம் ஒரு நல்ல திருப்பம். ஆனால் அந்தக் கணக்கு ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியதுதான் மூன்று வயதைத் தொட்ட முதல் பெரிய முயற்சி. அதையும் 2022ல் நிறுத்துவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்தபின் தொடர்ந்தார்கள்.

7

ஆகவே பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் விமர்சனத்தால் பயனில்லை. அதிலும், திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கடன் வாங்கி இங்கிலீஷ் மீடியத்தில் சேரும்போது 'ஆங்கில மோகம்' என்று சொல்ல யாருக்கு அருகதை இருக்கிறது? மேல்சாதிகள் இங்கிலீஷை வைத்துக்கொண்டு எங்கே போனார்கள் என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதே சமயம் கட்டணம் என்பது இன்று பழைய பந்தியின் வேலையைச் செய்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 'அங்க நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க வரும்' என்ற பேச்சில் தரம் எவ்வளவு, சாதி எவ்வளவு?

ஒரே பள்ளியில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளின் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளங்களை நீக்கச் சொல்லி 2024ல் அறிக்கை தந்தது. 1893ல் ஒப்புக்கொண்ட பிரிவினையைத் திரும்பப் பெறும்படி அரசிடம் கேட்க நூற்று முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

'அரசா, தனியாரா' என்ற வடிவத்தில் கேள்வி இருக்கும்வரை, தீர்மானிக்கும் பாரம் ஒரு அம்மா அப்பாவின் தலையிலேயே இருக்கும். அதை அரசின் பக்கம் திருப்பிக் கேட்க வேண்டும். சோறு கொடுத்த கை, மூன்று வயதிலேயே நிரந்தர ஆசிரியரையும் வகுப்பறையையும் ஏன் கொடுக்கவில்லை? ஒரு தெருவின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து படித்து, ஒரே வரிசையில் சாப்பிடுகிற பள்ளியை எந்த ஆட்சி கட்டப்போகிறது? அப்படி ஒன்று நடந்தே போகிற தூரத்தில் இருந்தால் எத்தனை பேர் வேனுக்குக் காத்திருப்பார்கள் என்பது இன்னும் சோதித்துப் பார்க்கப்படாத விஷயம். பெற்றோரின் மோகம் பற்றிய தீர்ப்பை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.